ஓம நீர்

விருந்துண்டபின் வயிறு மந்தித்தால் நம் இல்லங்களில் முதலில் தேடப்படுவது ஓமமே. ஒரு தேக்கரண்டி ஓமத்தைச் சிறிது நசுக்கி, இரண்டு குவளை நீரிலிட்டு, பாத்திரத்தை மூடி, ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். மூடாதுவிடின், ஓமத்தின் மணத்திற்குக் காரணமான தைமோல் என்னும் பொருள் ஆவியோடு அகன்றுவிடும். பின்னர் வடித்து, இளஞ்சூட்டில் சிறிது சிறிதாகப் பருகலாம்.

ஆயினும் ஒன்று கூறவேண்டும். முன்னர் என் மாணவன் ஒருவன் வயிற்றுவலியால் வருந்தியபோது, வீட்டார் இரண்டு நாட்கள் ஓமநீரையே கொடுத்து வந்தனர். தொப்புளருகே தொடங்கிய வலி வலப்புற அடிவயிற்றில் நிலைத்தது, காய்ச்சலும் கண்டது. அது குடல்வளரி அழற்சி. சத்திரசிகிச்சையே அவன் உயிரைக் காத்தது.

மந்தத்திற்கு ஓமநீர், ஓயாத வலிக்கு வைத்தியசாலை. இவ்வேறுபாட்டை அறிதலே கைமருந்தின் முதற்பாடம்.