எடை அட்டையைக் கேட்டு வாங்குங்கள்



அங்கன்வாடி நமக்குப் புதிதல்ல. 1975 அக்டோபர் 2 அன்று நம் நாட்டில் 33 வட்டாரங்களில் இந்தத் திட்டம் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் இருக்கிறது. பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறோம். பிறகு கூட்டி வருகிறோம். அதோடு நம் வேலை முடிந்ததா?

மாதம் ஒரு முறை பிள்ளைக்கு எடை போடுகிறார்கள். அட்டையில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு வரும். கோடு மேலே ஏறினால் பிள்ளை வளர்கிறது. கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தால் எடை கூடவில்லை. பார்வைக்குப் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். ஓடும், விளையாடும். கோடு முன்னாலேயே சொல்லிவிடும்.

நிறத்தையும் பாருங்கள். புள்ளி பச்சையில் இருந்தால் நல்லது. மஞ்சளில் இருந்தால் எடை குறைவு. ஆரஞ்சில் இருந்தால் மிகவும் குறைவு. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று. "அங்கே சாப்பிட்டுவிட்டாளே" என்று வீட்டில் சோற்றைக் குறைக்கிறோம். அங்கே தருவது கூடுதல் உணவு. வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதில் அல்ல. கைக்குழந்தைக்குத் தரும் சத்துமாவை வீட்டில் எல்லோரும் பங்கு போட்டால், குழந்தைக்கு என்ன மிஞ்சும்?

அண்ணன்மார்களே, எடை போடும் நாளில் நீங்களும் வாருங்கள். இப்போது உங்களுக்கு எண்கள் படிக்கத் தெரியும். போன மாதம் எத்தனை கிலோ? இந்த மாதம் எத்தனை? படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் பணியாளரைக் கேளுங்கள். கோபிக்க மாட்டார். கோபித்தாலும் கேளுங்கள்.