வந்து வந்து போகும் பழுது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் கார் வயர்மேன் ஒருவர் ஆற்றிய உரை)



முழுதாகக் கெட்டுப்போன காரைச் சரிசெய்வது எங்களுக்குச் சுலபம். சாலையில் தொல்லை கொடுத்துவிட்டு, பட்டறைக்கு வந்ததும் நல்ல பிள்ளையாக ஓடும் கார்தான் தலைவலி.

ஓர் ஆசிரியை தம்முடைய 20 வருடப் பழைய காரைக் கொண்டு வந்தார். ஆட்டோ கியர். வாரத்தில் 3 நாள் தாயாரை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப் போவது அதில்தான். சில வேளை நடுவழியில் இயந்திரம் அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் மீண்டும் ஓடும். இரண்டு பட்டறைகளில் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் மாற்றி 700 வெள்ளி போய்விட்டது. "இதையும் விற்றுவிட்டால் அம்மாவை எப்படி அண்ணே கொண்டுபோவது?" என்றார்.

நான் போனட்டைத் திறக்கவில்லை. மழையிலா, வெயிலிலா, ஏர்கோன் போட்டிருந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் யோசித்து, "சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் அண்ணே. ஓடும்போது எப்போதாவது ஒரு குலுக்கல், அவ்வளவுதான்" என்றார். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

சிவப்பு விளக்கில் கியர் 'டி'யில் இருக்கும், கால் பிரேக்கில் இருக்கும். அப்போது இயந்திரம் தன் ரப்பர் தாங்கிகளின்மேல் சற்றே சாயும். நாங்களோ பட்டறையில் வசதிக்காக 'பி'யில் வைத்தே சோதிக்கிறோம்! அணைந்த காரை மீண்டும் கிளப்ப அவரும் 'பி'க்குத்தான் மாற்றுவார். உடனே ஓடும்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையை இயந்திரத்தின் வெறும் உலோகத்திலும் வைத்தேன். விளக்கு, ஏர்கோன் எல்லாம் போட்டாலும் அங்கே 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. 'பி'யில் 0.1 காட்டியது. கைப்பிரேக்கை இழுத்து, பையன் பிரேக்கை அழுத்திக்கொண்டு 'டி'யில் போட்டதும் 1.5ஐத் தொட்டது. (இதைச் செய்யும்போது காருக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது, பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும்.)

குற்றவாளி, இயந்திரத்தையும் காரின் உடலையும் இணைக்கும் எர்த் வயர். பற்றவைக்கும் மின்சாரம் திரும்பி வரும் வழி அது. வெளியுறை நன்றாகவே இருந்தது. உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, பெரும்பாலும் அறுந்திருந்தன. இயந்திரம் சாய்ந்தால் பிரியும், நிமிர்ந்தால் ஒட்டும். முன்பு பார்த்தவர்களும் அந்த வயரை ஓம் அளவில் சோதித்திருக்கிறார்கள். அந்த அளவில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்சாரம். ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் 'நல்லது' என்றே காட்டும். சுமை ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே பழுது எப்போது வந்தது, அப்போது என்னென்ன போட்டிருந்தீர்கள் என்று எழுதி வைத்து வயர்மேனிடம் கொடுங்கள். இன்னொன்று: ஃபியூஸ் அடிக்கடி எரிகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைப்பதும் வேண்டவே வேண்டாம். ஃபியூசுக்குப் பதிலாக வயர்தான் எரியும்.

ஆசிரியைக்கு ஆன செலவு 40 வெள்ளி. கழற்றிய பழைய பேட்டரியை அவர் வீசாமல் வைத்திருந்தார். சார்ஜ் ஏற்றி, ஒரு நாள் ஆறவிட்டு அளந்தேன். 12.6 வோல்ட், சுமை போட்டும் தாங்கியது. நன்றாகத்தான் இருந்தது.