வாழத் தகுந்த நகரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



"சுற்றாடலுக்கு இசைந்த நகரம் எது?" என்பது இன்று எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். இதைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்கு அகன்ற வீதிகளும், வரிசையாக நட்ட பூமரங்களும், பிறநாட்டுப் படங்களிற் கண்ட கண்ணாடி மாளிகைகளும் நினைவுக்கு வரக்கூடும். அவை கண்ணுக்கு இனியவைதாம். ஆயினும் நகரம் என்பது கண்ணுக்கு மட்டும் உரியதன்று. அது உண்டு, குடித்து, உறங்கி, பிள்ளை பெற்று வாழும் இடம். ஆகவே ஒரு நகரத்தின் தரத்தை அறிய மூன்று கேள்விகள் கேட்டாற் போதும் என்பது எமது எண்ணம். அங்கே குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? அங்கே கழித்த பொருள் எங்கே போகிறது? அங்கே ஒரு முதியவரும் ஒரு குழந்தையும் அச்சமின்றி வீதியில் நடக்க முடியுமா? இம்மூன்றையும் நமது யாழ்ப்பாண நகரை முன்வைத்தே இன்று ஆராய்வோம். அயலூரைப் பற்றிப் பேசுவது எளிது. சொந்த வீட்டைப் பற்றிப் பேசுவதே பயன் தருவது.

முதலாவது நீர். நமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் மறைவது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே நமக்குப் பெருஞ் செல்வம். அம்மழைநீர் நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்குகிறது. கடல்நீரை விட நன்னீர் பாரங் குறைந்தது. ஆதலால் அடியில் உள்ள உவர்நீரின்மேல் அது மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நமது குடாநாட்டின் கீழே இருப்பதும் அந்நிலைதான்.

இதில் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பர் நிலநீர் ஆராய்ச்சியாளர். கேட்பதற்கு மகிழ்ச்சி தரும் கணக்கு. ஆனால் இதை மறுபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். மிதமிஞ்சி இறைத்து அந்த ஓர் அடியைக் குறைத்துவிட்டால், கீழேயிருந்து உவர்நீர் நாளடைவில் நாற்பது அடி மேலேறி வரும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது. இன்று ஒரு சுவிச்சைத் தட்டிவிட்டு நாம் வேறு வேலைக்குப் போகிறோம். இயந்திரம் களைப்பதில்லை, கிணறுதான் களைக்கிறது.

உவர் மட்டுமா பகை? சுண்ணாம்புக் கல்லில் நல்ல நீர் எத்துணை விரைவில் இறங்குகிறதோ, கெட்டதும் அத்துணை விரைவில் இறங்கும். தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இடும் இரசாயன உரமும், அடி பூசாத மலகூடக் குழிகளிலிருந்து கசியும் கழிவும் நைத்திரேற்று என்னும் உப்பாகக் கிணற்றைச் சென்றடைகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று இதற்கு எல்லை வகுத்துள்ளது. குடாநாட்டின் பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியுள்ளன என்பதை 1980களிலிருந்து நடந்துவந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த நீரிற் கரைத்த பாலைக் குடிக்கும் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் வலிமையை இழக்கக்கூடும். தாய்மார்கள் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

சுன்னாகத்து மக்களின் அனுபவத்தையும் நாம் மறக்கலாகாது. அங்கு மின் உற்பத்தி நிலையத்தைச் சூழவுள்ள ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. வழக்கு நடந்து, 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி கட்டளையிட்டது. நீதி கிடைத்தது நன்று. ஆனால் எந்த நீதிமன்றமும் நிலத்தின் கீழே இறங்கிக் கிணற்றைக் கழுவித் தர இயலாது. நிலநீரைக் கெடுப்பதற்குச் சில நாள் போதும். திருத்துவதற்கு ஒரு தலைமுறையும் போதாமற் போகலாம்.

"இப்போதுதான் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்துவிட்டதே, இனி என்ன கவலை?" என்று நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். உண்மையே. தாளையடியில் 2024 ஓகஸ்டில் அந்நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் ஆற்றல் அதற்கு உண்டு. முன்னர் இரணைமடுக் குளத்திலிருந்து நீர் கொண்டுவரத் திட்டமிட்டபோது, தங்கள் வயல் வாடும் என்று கிளிநொச்சி விவசாயிகள் கவலைப்பட்டனர். அக்கவலை நியாயமானது. ஒரு நகரம் தன் தாகத்தைத் தீர்க்க இன்னொருவனின் பயிரை வாட்டுவது அறமாகாது. ஆகவே கடல்நீர் நிலையத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும் உவரைப் பிரிப்பதற்கு மிகுந்த மின்சாரம் செலவாகிறது. குழாய் வந்துவிட்டதென்று கிணற்றைக் குப்பைக் குழியாக்கினோமானால், பாட்டன் வெட்டிய இலவச ஊற்றை மூடிவிட்டு விலைகொடுத்து நீர் வாங்கும் அறிவிலிகளாவோம்.

கிணற்றைக் காப்பவை குளங்கள். மாரி வெள்ளத்தை ஏந்தி நின்று, மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறக்கிவிடுவது குளத்தின் வேலை. நமது முன்னோர் ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒரு குளமும், கோயில்தோறும் ஒரு கேணியும் அமைத்தது அழகுக்காக மட்டுமன்று. பிற்காலத்தார் குளத்தை வெறும் வெளியென்று எண்ணினர். ஓரத்தை நிரப்பிக் கடை கட்டினர். வாய்க்காலை மூடி மதில் எழுப்பினர். போக இடமில்லாத வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. 2008 நவம்பரில் நிஷாப் புயலின்போதும், 2024 நவம்பரிலும் குடாநாட்டு மக்கள் இடுப்பளவு நீரிற் பட்ட துன்பம் நமக்குத் தெரியும். 2021இல் ஆரியகுளம் திருத்தப்பட்டு, சுற்றிலும் நடைபாதையோடு பொலிவு பெற்றது. மாலை நேரத்தில் அங்கே குடும்பங்கள் காற்று வாங்கும் காட்சி, ஒரு குளம் மீண்டால் ஒரு குறிச்சியே மீளும் என்பதற்குச் சான்று.

தலைநகராகிய கொழும்பும் இப்பாடத்தைக் கற்றது. நகரினுள்ளும் அதன் ஓரங்களிலும் எஞ்சிய சதுப்பு நிலங்களே வெள்ளத்தை உறிஞ்சும் பஞ்சு என்பது உணரப்பட்டது. 2018இல் உலகில் முதன்முதலாக ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற பதினெட்டு நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று.

இரண்டாவது கேள்வி, கழித்த பொருள் எங்கே போகிறது என்பது. இதற்கும் கொழும்பே விடை சொல்கிறது. ஆனால் அது கண்ணீரோடு சொல்லும் விடை. 2017 ஏப்பிரல் 14ஆந் திகதி, புதுவருடப் பிறப்பு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் வறியவர்கள், அந்தக் குப்பையோ நகரம் முழுவதினதும் குப்பை. நாம் "எறிந்துவிட்டோம்" என்று சொல்கிறோமே, எறிதல் என்று ஒன்று உலகில் இல்லை. நமது வாசலிலிருந்து இன்னொருவரின் வாசலுக்கு மாற்றுகிறோம், அவ்வளவே.

சிங்கப்பூரின் வரலாறு இங்கே நினைக்கத் தக்கது. அந்நகரின் ஆறு ஒரு காலத்தில் நாற்றமெடுத்த சாக்கடையாய் இருந்தது. 1977இல் பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் அதைத் தூய்மையாக்க வேண்டுமெனக் கட்டளையிட்டார். 1987இல் அது நிறைவேறிற்று. அவர்கள் ஆற்றை மட்டும் துப்புரவு செய்யவில்லை. கழிவு புறப்படும் இடங்களைத் தேடிச் சென்று, பன்றிப் பண்ணைகளை அகற்றினர். தெருவோர உணவு வணிகருக்கு நீரும் வடிகாலும் உள்ள நிலையங்களைக் கட்டிக் கொடுத்தனர். அழுக்கை அது பிறக்கும் இடத்திலே தடுப்பதுதான் முறை என்பது இதன் படிப்பினை.

இனி நம்மைப் பற்றியும் உண்மை பேசுவோம். சென்ற ஆண்டு திருவிழாவின்போது நமது சங்கம் தண்ணீர்ப்பந்தல் வைத்தது. வெயிலில் வந்த அடியார்களின் தாகம் தீர்த்தோம், மனம் நிறைந்தது. மறுநாட் காலை வீதியைக் கூட்டச் சென்றபோது, நாம் கொடுத்த பிளாஸ்ரிக் குவளைகள் வெள்ளவாய்க்காலை நிறைத்து, மதகின் வாயை அடைத்துக் கிடந்தன. ஒரு கையால் தண்ணீர் கொடுத்து மறுகையால் தண்ணீரின் வழியை அடைத்தவர்கள் நாமே! அன்னதானத்திலும் அப்படித்தான். உணவு பொதியும் பொலித்தீன் தாள்களை 2017இலேயே அரசாங்கம் தடைசெய்தது. வாழையிலை நமது வளவிலே நிற்கிறது. உண்டு எறிந்த இலையை மாடு தின்னும், மிச்சம் எருவாகும். பொலித்தீனைத் தின்ற மாடோ வயிறு அடைத்துச் சாகும். கோமாதா என்று வணங்குவோர் இதைச் சிந்திக்க வேண்டாமா?

மூன்றாவது கேள்வி நடையைப் பற்றியது. பழைய யாழ்ப்பாணத்து வீதிகளை நினைத்துப் பாருங்கள். வழிப்போக்கருக்கு மடம், பாரஞ் சுமப்பவருக்குச் சுமைதாங்கி, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியும் ஆவுரோஞ்சிக் கல்லும், நிழலுக்கு வேம்பும் மருதும். வீதி என்பது வாகனத்துக்கு மட்டும் உரியதென்று நம் முன்னோர் எண்ணவில்லை. நடப்பவன், சுமப்பவன், வாயில்லாப் பிராணி எல்லோருக்கும் அதிலே பங்கு இருந்தது. இன்று வீதியை அகலிக்க மரத்தைத் தறிக்கிறோம். கிளுவை வேலியும் பூவரசும் நின்ற இடத்தில் மதில் எழுப்புகிறோம். மதில் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவிலே திருப்பிக் கொடுக்கிறது. வேலியோ காற்றை விட்டது, குருவிக்கு இடங் கொடுத்தது, ஆட்டுக்குக் குழை கொடுத்தது.

சைக்கிளைப் பற்றியும் ஒரு சொல். 1990களில், பெற்றோல் வராத போர்க் காலத்தில், இக்குடாநாடு முழுவதும் சைக்கிளிலேயே ஓடிற்று. ஆசிரியரும் வைத்தியரும் மணமகனும் சைக்கிளிற் போயினர். 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டபோது பழைய சைக்கிள்கள் மீண்டும் வெளியே வந்தன. அக்காலங்களின் துன்பம் மீள வேண்டுமென்று எவரும் விரும்பார். ஆனால் இல்லாமையால் செய்ததை, இருக்கும்போது அறிவினாற் செய்தல் ஆகாதா? அரை மைல் தூரத்துக் கடைக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கும் இளைஞன் முதலில் தன் காலைக் கேட்கட்டும். மாநகரசபையாரும் பள்ளிக்கூட வீதிகளிலேனும் சைக்கிளுக்கெனத் தனிப் பாதை வகுத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்ட பெரியவர் ஒருவர், "தம்பிமாரே, இது மாநகரசபையின் வேலை, சங்கம் பஜனையும் வகுப்பும் நடத்தினாற் போதாதா?" என்று வினவினார். ஐயா அவர்களுக்கு எமது பணிவான மறுமொழி இது. வடிகால் அமைப்பதும், கழிவைத் தரம்பிரித்து எடுப்பதும், கிணற்று நீரைச் சோதிப்பதும் சபையின் கடமைதான். அக்கடமையை அவர்கள் செய்யும்படி கேட்பது நமது உரிமை. ஆனால் குவளையை வாய்க்காலில் எறிந்தது சபையன்று. ஊர்க்குளம் வெட்டியவர்களும் அரசனுடைய கட்டளைக்குக் காத்திருந்தவர்கள் அல்லர். நீரைத் தீர்த்தமென்றும் மரத்தைத் தல விருட்சமென்றும் வணங்கும் நமக்கு, குளம் காப்பதும் வழிபாட்டின் ஓர் அங்கமே.

ஆகவே, இந்த ஆண்டு விழாவிலே நாலு காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். ஒன்று, இனி நமது தண்ணீர்ப்பந்தலிலும் அன்னதானத்திலும் செம்பும் வாழையிலையுமன்றிப் பிளாஸ்ரிக்கும் பொலித்தீனும் இல்லை. இரண்டு, அங்கத்தவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கிணற்று நீரை ஆண்டுக்கு ஒரு முறை சோதிப்பித்து, முடிவைச் சங்கப் புத்தகத்திற் பதிதல். மூன்று, நமது கோயிற் கேணியையும் அதற்கு நீர் வரும் வாய்க்காலையும் புரட்டாதி முடியுமுன் சிரமதானத்தால் துப்புரவாக்கல். நாலு, ஒவ்வோர் இளைஞனும் ஒரு நிழல்மரம் நட்டு, மூன்று கோடைக்கு நீர் ஊற்றல். நடுவதைப் படம் பிடிப்பவர் பலர். மூன்றாவது கோடையில் நீர் ஊற்றுபவனே மரம் வளர்த்தவன்.

பெரியோர்களே, உங்கள் காலத்தில் கிணற்றடியில் எவரும் அஞ்சாமல் ஒரு கை நீர் அள்ளிக் குடித்தனர். அந்த நம்பிக்கையை நீங்கள் எங்களுக்குத் தந்தீர்கள். எங்கள் பிள்ளைகள் அதே கிணற்றடிக்கு வரும்போது, "பொறு, குடியாதே" என்று சொல்லும் நிலையில் நாம் நிற்கப் போகிறோமா, அல்லது வாளியை அவர்கள் கையிற் கொடுக்கப் போகிறோமா என்பதே இன்றைய கேள்வி. வாளியைக் கொடுக்கத் தகுந்தவர்களாக வாழ்வோம்.