மௌனமும் மொழியும்



மனம், மொழி, மெய் என்னும் மூன்றையும் அடக்கிக் காக்க வேண்டும் என்று நம் அறநூல்கள் வலியுறுத்துகின்றன. மௌனம் ஒரு நோன்பாகவே போற்றப்படுகிறது. ஆயினும், பேச வல்லவர் விரும்பி ஏற்கும் மௌனமே நோன்பாகும். நோயினால் மெய் செயலிழந்து, மனம் தெளிவாக இருந்தும் மொழியை இழந்தவரின் மௌனம் நோன்பன்று, அது சிறை.

பிரான்சு நாட்டில் 'எல்' இதழின் ஆசிரியராக விளங்கிய ழான் தொமினிக் போபி, 1995 டிசம்பரில் பக்கவாதத்தால் வீழ்ந்தார். நினைவு திரும்பியபோது, இடக்கண் இமை ஒன்றே அவர் விருப்பப்படி அசைந்தது. துணையாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவர, வேண்டிய எழுத்து வந்ததும் அவர் இமைப்பார். இவ்வாறு இமைத்து இமைத்தே ஒரு நூலை இயற்றினார். 1997 மார்ச்சில் நூல் வெளிவந்த சில நாள்களில் அவர் மறைந்தார்.

இமையும் உதவாதபோது என் செய்வது? செருமனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பிர்பாமர் குழுவினர், தலையின்மேல் மின்முனைகளை ஒட்டி, மூளையின் மின்னலைகளைக் கொண்டே எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் வழியை 1999இல் வெளியிட்டனர். சிறு கடிதம் எழுதவும் பல மணி நேரம் ஆயிற்று. எனினும் கதவு திறந்துவிட்டது.

2023 சூலையில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் மருத்துவ மையத்தில், ஏஎல்எஸ் என்னும் நரம்பு நோயால் தெளிவான பேச்சை இழந்த 45 வயதினர் ஒருவரின் மூளையில் 256 நுண்ணிய மின்முனைகள் பொருத்தப்பட்டன. அறுவை மருத்துவர் டேவிட் பிராண்ட்மன். ஆய்வில் இணைந்தவர் செர்கெய் ஸ்டாவிஸ்கி. அவர் பேச முயலும்போது நாவுக்கும் இதழுக்கும் மூளை இடும் ஆணைகளைக் கருவி பற்றிக்கொள்கிறது. கணினி அவற்றை ஒலியன்களாகவும், பின் சொற்களாகவும் மாற்றுகிறது. நோய்க்கு முன் பதிவான அவருடைய குரலைக் கொண்டு அமைத்த செயற்கைக் குரலிலேயே அச்சொற்கள் ஒலிக்கின்றன. தாம் சொல்ல முயன்ற சொற்கள் திரையில் பிழையின்றித் தோன்றிய முதல் நாளில் அவர் மகிழ்ச்சியால் அழுதார், உடனிருந்தோரும் அழுதனர். 1,25,000 சொற்கள் கொண்ட பெருந்தொகுதியிலிருந்து, நூற்றுக்கு 97 சொற்கள் சரியாக வருமளவுக்குக் கருவி பின்னர்த் தேர்ச்சி பெற்றது.

இதனை 'எண்ணத்தைப் படிக்கும் கருவி' என்பது மிகையாகும். அது பற்றுவது பேச முயலும் முயற்சியையே. ஆனால் 2025இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், பேச முயலாமல் மனத்துக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் சொற்களையும் ஓரளவு கண்டறியலாம் எனக் காட்டினர். இங்கே ஓர் அச்சம் எழுகிறது. மனத்தில் தோன்றுவன எல்லாம் பிறர் அறியத்தக்கன அல்ல. ஒரு சினம் தோன்றும். அடுத்த கணமே மனம் அதனை அடக்கிவிடும். அடக்குமுன் கருவி அதனை உரக்கச் சொல்லிவிட்டால், அடக்கம் என்னும் அறத்துக்கே இடமில்லாது போகும். இதனை உணர்ந்த அவ்வாய்வாளர்களே ஒரு பூட்டும் அமைத்தனர். பயனர் குறித்த ஒரு தொடரை மனத்தில் நினைத்தாலன்றிக் கருவி மனப்பேச்சை வெளியிடாது. மொழியைத் திருப்பித் தருவோர், மௌனம் காக்கும் உரிமையையும் சேர்த்தே தருதல் வேண்டும்.

இக்கருவிகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. மண்டையோட்டைத் திறக்கும் அறுவையும் தேவை. எல்லோர் இல்லத்துக்கும் அவை வர நாளாகும். ஆனால் போபிக்கு வாய்த்த கருவி, பொறுமையோடு அருகில் அமர்ந்த ஒருவரே. பேச்சிழந்து படுத்திருக்கும் பெரியவர் எதிரிலேயே, அவர் அங்கு இல்லாதது போல் அவரைப் பற்றிப் பேசும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. அதனை விடுக்க வேண்டும். "ஆம் என்றால் ஒருமுறை இமையுங்கள்" என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். அவர் சொல்லாததை அவர் சொன்னதாகக் கொள்ளலும் ஆகாது. ஒருவர் சொல்லுக்காகக் காத்திருப்பதும் அவருக்குச் செய்யும் அறமே.