மருந்து வந்த வழியை எண்ணுவோம்

(பெரியபாளையத்தில் அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆடி மாதம் முழுக்க நம் ஊர்த் தெருவில் வேப்பிலை வாசம்தான். பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டி வேண்டுதல் செலுத்த வரும் கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பேருந்து நகராது. அந்த வேப்பங்கொட்டைக்குள் அசாடிராக்டின் என்று ஒரு சேர்மம் இருக்கிறது. அது பட்ட இலையைப் பூச்சி தின்னாது. சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்த வேதியியலர் டி.ஆர். கோவிந்தாச்சாரி, பின்னாளில் சென்னை ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் இருந்தபோது வேப்பங்கொட்டையிலிருந்து இந்த வகைச் சேர்மங்களைப் பிரித்தெடுத்தார்.

பிரித்தெடுப்பது ஒன்று, ஆய்வகத்தில் ஒவ்வொரு பிணைப்பாகக் கட்டி எழுப்புவது வேறு. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே என்பவரின் குழு அசாடிராக்டினை அப்படிக் கட்டி முடித்தது 2007-இல். ஆன காலம் 22 ஆண்டுகள். படிகள் 71. நம் கோயில் வாசல் மரம் அதை நின்ற இடத்திலேயே செய்துவிடுகிறது.

இதை வகுப்பில் கதையாகச் சொல்லி விட்டுவிடுவதில்லை, கணக்காகப் போடச் சொல்வேன். நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் நம் பிள்ளைகளுக்கு அது நல்ல மதிப்பெண். ஆனால் ஒவ்வொரு படியிலும் 90 விழுக்காடு விளைச்சல் கிடைத்தாலும் பத்துப் படி தாண்டினால் மிஞ்சுவது சுமார் 35. எழுபத்தொரு படியும் ஒரே வரிசை என்று வைத்துக்கொண்டால் பத்தாயிரத்தில் ஐந்தாறுதான் தேறும். விழுக்காடு கணக்கில் தடுமாறும் பிள்ளைகள்கூட இதை விடாமல் போட்டுப் பார்க்கிறார்கள்.

வழி எவ்வளவு நீளமோ, எதிலிருந்து தொடங்குகிறதோ, அதைப் பொறுத்துத்தான் மருந்தின் விலையும். இதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுதான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஜிடோவுடின் என்ற மருந்து அனுமதி பெற்றது. ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டு மருந்துச் செலவு பல ஆயிரம் டாலர். அப்போது நம்முடைய 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் உண்டு. அதனால் இங்கே வேறு வழி கண்டுபிடிப்பவருக்கு அந்த மருந்தைச் செய்யும் உரிமையும் கிடைத்தது. ஹைதராபாத் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஏ.வி. ராமாராவ் ஒரு வழி கண்டார். சிப்லா நிறுவனம் அதைத் தயாரித்து, வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்கு விற்றது. அதே நிறுவனம் 2001-இல் மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரலில் தாம்பரம் போன்ற அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. 2005-இல் சட்டம் மாறிவிட்டது. இப்போது மருந்துப் பொருளுக்கே காப்புரிமை உண்டு. அந்த விவாதத்தைச் சமூக அறிவியல் ஆசிரியரிடம் விட்டுவிடுகிறேன்.

பதினைந்து வருடமாக நான் ‘தயாரிக்கும் முறை’ நடத்திய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்புக்குறிக்கு வலப்பக்கம் நமக்கு வேண்டிய பொருளை எழுதுவேன். கூட வருவதை எழுத மாட்டேன். தேர்வில் கேட்க மாட்டார்கள் என்பதுதான் காரணம்.

போன வருடம் ஐபுபுரோஃபென் எடுத்தேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த வலி மாத்திரை. இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனத்தில் 1960-களில் உருவானது. பழைய முறையில் ஆறு படி. உள்ளே போகும் பொருட்களின் எடையில் 40 பங்குதான் மாத்திரையில் சேரும், மீதி 60 பங்கு வேறு ஏதோவாக வெளியே வரும். முதல் படிக்கு வேண்டிய அலுமினியம் குளோரைடு தனிக் கழிவு. 1992-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஓர் ஆலை மூன்றே படியில் செய்யத் தொடங்கியது. சேர்வது 77 பங்கு. மீதி அசிட்டிக் அமிலம். அதையும் பிடித்துப் பயன்படுத்தினால் 99-ஐத் தொடும்.

வகுப்பை இரண்டு குழுவாகப் பிரித்து ஆளுக்கு நூறு புளியங்கொட்டை கொடுத்தேன். முதல் குழு ஆறு பெஞ்ச் தாண்ட வேண்டும், பெஞ்சுக்குப் பத்துக் கொட்டை வாளியில். இரண்டாம் குழுவுக்கு மூன்று பெஞ்ச், எட்டு, எட்டு, ஏழு. முடிந்ததும் எல்லோரும் கையில் மிஞ்சியதை எண்ணினார்கள். ஒரு மாணவி மட்டும் முதல் குழுவின் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, “டீச்சர், இதை எங்க கொட்டுறது?” என்றாள்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவளுடைய அப்பா கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை செய்கிறார். என்ன வேலை என்று முன்பு கேட்டபோதெல்லாம் “கம்பெனி” என்று மட்டும் சொல்லித் தலையைக் குனிந்துகொள்வாள். மறுநாள் அவளாகவே எழுந்து சொன்னாள். அவர் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் இருக்கிறார். “எங்கப்பா வேலையே அந்த வாளிதான் டீச்சர்.” வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அலுமினியக் கழிவு வந்தால் என்ன செய்வார்கள், நாற்றம் ஏன் ராத்திரியில் அதிகம் என்று கேள்வி மேல் கேள்வி. நான் ஓரமாக நின்றேன்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய முறை என்றால் ஆபத்தில்லாதது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த மூன்று படி முறைக்கு வினையூக்கி ஹைட்ரஜன் புளோரைடு. திரும்பத் திரும்ப மீட்டுப் பயன்படுத்தலாம், கழிவு குறைவு. ஆனால் தோலில் பட்டால் எலும்புவரை இறங்கும். குழாய்க்குப் பக்கத்தில் நிற்பவருக்கு எந்த வழி நல்லது என்பது தனிக் கேள்வி.

அதை அந்த மாணவியின் அப்பாவிடமே கேட்கலாம் என்று இருக்கிறோம். தலைமையாசிரியர் அனுமதி கொடுத்துவிட்டார். இரவு ஷிப்ட் முடித்து, வருகிற வெள்ளிக்கிழமை காலை நேராகப் பள்ளிக்கு வருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.