விதி கடைசியில் வரட்டும்

இன்றைய பேச்சு கணிதத்தில் ஒரு சிறு பகுதியைப் பற்றியது. பூச்சியத்துக்குக் கீழே போகும் மறை எண்கள், பின்னங்கள், இவற்றைக் கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது, வகுப்பது. ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் பிள்ளைகள் நாலாம் வகுப்போடு தொடக்கப் பள்ளியை விட்டு கிம்னாசியம், கெசாம்ட்ஷூலே, ரேயால்ஷூலே போன்ற மேல்நிலைப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். அங்கே போய் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இந்த எண்கள் எல்லாம் அவர்கள் முன்னால் வந்து நின்றுவிடும். வீட்டுப்பாடத்தில் பிள்ளை தடுமாறும்போது நாம் உடனே எடுத்துக் கொடுப்பது, நாம் ஒருகாலத்தில் மனனம் செய்த இரண்டு வாசகங்களை: "மைனஸும் மைனஸும் பிளஸ்", "பின்னத்தால் வகுத்தால் தலைகீழாக்கிப் பெருக்கு". இரண்டும் சரியான விதிகள். ஆனால் விளக்கத்துக்கு முன்னால் சொல்லப்படும்போது இவையே பிழைகளை உண்டாக்குகின்றன என்பதும், விதி கடைசியாக வந்தால்தான் பிள்ளையிடம் நிலைக்கும் என்பதும் என் வாதம்.

இதற்கு முதல் சான்று பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளிலேயே இருக்கிறது. மறை மூன்றிலிருந்து ஐந்தைக் கழி என்று கேட்டால், விடை எட்டு என்று எழுதுகிற பிள்ளைகள் பலர். சரியான விடை மறை எட்டு. அந்தப் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. இரண்டு மைனஸ் குறிகளைக் கண்டது, சொல்லிக் கொடுத்த வாசகத்துக்குக் கீழ்ப்படிந்தது, பிளஸ் போட்டது. அந்த வாசகம் இரண்டு எண்களைப் பெருக்கும்போதும் வகுக்கும்போதும் ஒரு மறை எண்ணைக் கழிக்கும்போதும் மட்டும் பொருந்தும் என்பது வாசகத்துக்குள் எங்கும் இல்லை. பின்னங்களிலும் இதே கதைதான். இரண்டில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் எழுத்தில் கூட்டச் சொன்னால், மேலே உள்ளவற்றையும் கீழே உள்ளவற்றையும் தனித்தனியே கூட்டி ஆறில் இரண்டு என்று எழுதுகிற பிள்ளை, அரையும் காலும் எவ்வளவு என்று வாயால் கேட்டால் முக்கால் என்று சொல்லிவிடும். ஜேர்மனியில் பின்னக் கணக்குக் கற்பித்தலைப் பற்றி ஆசிரியர்கள் பரவலாகப் படிக்கும் நூலை எழுதிய பிரீட்ஹெல்ம் பாட்பெர்க், இத்தகைய பிழைகளை வகை வகையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். வகைப்படுத்த முடிகிறதென்றால் அவற்றுக்குக் காரணம் இருக்கிறது என்றுதான் பொருள். நாலு ஆண்டுகள் பிள்ளை கையாண்ட எண்களில் பெருக்கினால் பெருகும், வகுத்தால் குறையும், ஏழு மூன்றைவிடப் பெரிது. அந்த அறிவு பொய்யில்லை. புதிய எண்களுக்கு அது எங்கே பொருந்தாமல் போகிறது என்பதை யாரும் நிறுத்தி நிதானமாகக் காட்டாததுதான் குறை.

அதைக் காட்ட இந்த ஊரிலேயே போதுமான சரக்கு இருக்கிறது. மாடிக் கட்டடங்களின் மின்தூக்கியில் தரைத்தளத்துக்குக் கீழே மறை ஒன்று, மறை இரண்டு என்று பொத்தான்கள் உண்டு. குளிர்காலத்தில் வெப்பமானி பூச்சியத்தைத் தாண்டி இறங்குகிறது. இவை எண்களை வரிசைப்படுத்த உதவும். கழித்தலுக்கு இவற்றைவிட நல்லது உதைபந்தாட்டம். 2020–21 பருவத்தில் இந்த ஊரின் ஷால்கே 04 அணி ஜேர்மனியின் முதல் பிரிவான புண்டஸ்லிகாவில் 25 கோல் போட்டு 86 கோல் வாங்கி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. கோல் வித்தியாசம் மறை 61. இந்த ஊரில் அந்த எண்ணைப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை, அது ஊர் முழுக்க வலித்த எண். இப்போது பிள்ளையிடம் கேளுங்கள்: இன்னொரு கோல் வாங்கினால் என்ன ஆகும்? மறை 62. வாங்கிய கோல்களில் ஒன்றைக் காணொளி பார்த்து நடுவர் நீக்கியிருந்தால்? மறை 60. முதலாவது, மறை 61இலிருந்து ஒன்றைக் கழிப்பது. இரண்டாவது, மறை 61இலிருந்து மறை ஒன்றைக் கழிப்பது. இரண்டிலும் எழுத்தில் இரண்டு மைனஸ் குறிகளாவது வருகின்றன, நடந்தவையோ வெவ்வேறு. கெட்ட ஒன்றை எடுத்துவிட்டால் நிலை ஏறுகிறது என்பதைப் பிள்ளை தானே சொல்லிவிடும்போது, மறை எண்ணைக் கழிப்பது கூட்டுவதாக ஏன் முடிகிறது என்று நாம் சொல்லித்தர எதுவும் மிச்சமில்லை.

பெருக்கலில்தான் உண்மையான சிக்கல். வழக்கமாக எல்லோரும் கடனைக் கொண்டுவருவார்கள். அதற்குப் பழம்பெருமை உண்டு. 628இல் பிரம்மகுப்தர் தம் நூலில் நேர் எண்ணைச் செல்வம் என்றும் மறை எண்ணைக் கடன் என்றும் அழைத்துத்தான் விதிகளைச் சொன்னார், இரண்டு கடன்களின் பெருக்கம் செல்வம் என்பதையும் சேர்த்து. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் கடன் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கடனைக் கடனால் பெருக்குவது என்றால் என்ன? பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் தம் பள்ளிப்பருவத்தைப் பற்றி எழுதும்போது இதே கேள்வியில் முட்டி நின்றதைப் பதிவு செய்திருக்கிறார்: பத்தாயிரம் பிராங்க் கடனை ஐந்நூறு பிராங்க் கடனால் பெருக்கினால் ஒருவன் ஐம்பது இலட்சத்துக்கு அதிபதியாகிவிடுவானா? எந்த ஆசிரியரும் அவருக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை. இந்தக் குழப்பம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதும் இல்லை. ஜேர்மன் கணித அறிஞர் மிஹாயேல் ஸ்டீபல் 1544இல் மறை எண்களை அபத்தமான எண்கள் என்றே குறிப்பிட்டார், அவற்றைத் திறமையாகப் பயன்படுத்திக்கொண்டே. பெரிய அறிவாளிகள் பல நூற்றாண்டுகள் தயங்கிய ஓர் இடத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு பாடவேளையில் கடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

கடன் கைவிடும் இடத்தில் நம் காலுக்குக் கீழே உள்ள மண் கைகொடுக்கிறது. இந்த ஊர் அமைந்த ரூர் பகுதியில் நூற்றாண்டுக்கும் மேலாக நிலக்கரி வெட்டினார்கள். கெல்சென்கிர்ச்சனின் ஹூகோ சுரங்கம் 2000இல் மூடப்பட்டது, பக்கத்து பொட்ரொப்பில் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. வெட்டியெடுத்த இடங்களுக்கு மேலே நிலம் தாழ்ந்தது, இப்பகுதியின் சில இடங்களில் இருபது மீற்றருக்கும் மேல். தாழ்ந்த நிலத்தில் வெள்ளம் தேங்காமல் இருக்க இன்றும் பம்பிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, நிறுத்தவே முடியாத வேலை அது. இப்போது ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு தெரு ஆண்டுக்கு இரண்டு சென்ரிமீற்றர் தாழ்கிறது. அதன் மாற்றம் ஆண்டுக்கு மறை இரண்டு. மூன்று ஆண்டு கழித்து அது இன்றைய மட்டத்துக்கு ஆறு சென்ரிமீற்றர் கீழே இருக்கும். மூன்று ஆண்டுக்கு முன்பு எங்கே இருந்தது? ஆறு சென்ரிமீற்றர் மேலே. மூன்று ஆண்டுக்கு முன் என்பதை மறை மூன்று என்று எழுதினால், மறை இரண்டை மறை மூன்றால் பெருக்கினால் நேர் ஆறு. ஒவ்வொரு பிள்ளையும் தலையசைக்கும் விளக்கம் இது. ஆனால் இதிலும் ஓர் எல்லை உண்டு. இது ஓர் இடத்தில் விதி பொருந்துவதைக் காட்டுகிறது. எல்லா இடத்திலும் அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதற்கு வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் நாம் எல்லோரும் படித்த பெருக்கல் வாய்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்பதெட்டு எழுபத்திரண்டு. ஒன்பது என்பது பத்தைவிட ஒன்று குறைவு, எட்டு என்பது பத்தைவிட இரண்டு குறைவு. அப்படிப் பிரித்தே பெருக்குவோம். பத்தும் பத்தும் நூறு. பத்தையும் மறை இரண்டையும் பெருக்கினால் மறை இருபது. மறை ஒன்றையும் பத்தையும் பெருக்கினால் மறை பத்து. நூறில் முப்பது போனால் எழுபது. விடையோ எழுபத்திரண்டு. மிச்சம் இருப்பது ஒரே ஒரு துண்டு: மறை ஒன்றும் மறை இரண்டும் பெருகுவது. அது நேர் இரண்டாக இருந்தால் மட்டுமே கணக்கு நேராகும். வேறு எந்த விடையை வைத்தாலும் ஒன்பதெட்டு எழுபத்திரண்டு என்பதே பொய்யாகிவிடும். ஆக, இந்த விதி மேலிருந்து வந்த கட்டளை கிடையாது. நமக்குத் தெரிந்த பழைய கணக்குகள் கெடாமல் இருக்க நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஜேர்மன் கணித அறிஞர் ஹெர்மன் ஹாங்கல் 1867இல் இதையே ஒரு கொள்கையாக வகுத்தார்: எண்களை விரிக்கும்போது பழைய விதிகள் நிலைக்கும்படி விரிக்க வேண்டும். டுசல்டோர்ப்பில் பிறந்த கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன், ஆசிரியர்களுக்காக ஆற்றி 1908இல் நூலாக வெளியான விரிவுரைகளில் ஒரு படி மேலே போனார். இந்தக் குறி விதியைத் தர்க்கத்தால் நிறுவிவிட்டதுபோல் பாவனை செய்யாதீர்கள் என்று அவர் எச்சரித்தார். அந்த நேர்மை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று கேட்ட பிள்ளைக்குப் பொய்யான நிறுவலைக் கொடுத்தால், அது இனி ஏன் என்று கேட்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளும்.

பின்னங்களுக்கும் இதே ஒழுங்குதான். நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் படித்த எண்சுவடியில் பின்னங்களுக்குப் பெயர்கள் இருந்தன. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா. ஒரு மாவையும் ஒரு காணியையும் கூட்டச் சொன்னால், மாவை நாலு காணியாக்கி, மொத்தம் ஐந்து காணி என்பார்கள். பகுதி எண்ணைச் சமப்படுத்து என்று இன்று சொல்வது இதைத்தான். வகுத்தலுக்கும் அதே வழி. முக்காலை அரைக்காலால் வகு என்று சொன்னால் பிள்ளை விழிக்கும். முக்காலுக்குள் எத்தனை அரைக்கால் இருக்கிறது என்று கேட்டால், காலில் இரண்டு, ஆகவே மூன்று காலில் ஆறு என்று விரல்விட்டுச் சொல்லும். மூன்றை எட்டால் பெருக்கி நாலால் வகுத்தாலும் அதே ஆறு வருகிறது என்பதைப் பிறகு பார்த்தால், தலைகீழாக்கும் வித்தை எங்கிருந்து வந்தது என்று புரியும். அந்த எண்சுவடியையே மனனம்தானே செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆம், செய்தார்கள். ஆனால் மனனம் செய்தது நெல்லையும் நிலத்தையும் அளக்கும் அளவைகளை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் கையால் தொடக்கூடிய ஓர் அளவு இருந்தது.

பெற்றோரின் முக்கியமான ஆட்சேபம் வேறு. நேரம் எங்கே இருக்கிறது, பரீட்சை வந்துவிட்டது, நாங்களும் விதியை மனனம் செய்துதானே படித்து முன்னேறினோம் என்பார்கள். மனனத்தை நான் எதிர்க்கவில்லை. ஒன்பதெட்டு எழுபத்திரண்டு என்று வாயில் வராத பிள்ளைக்கு நான் மேலே சொன்ன விளக்கமே பயன்படாது. விதியும் கடைசியில் அதேபோல் கைப்பழக்கமாக வேண்டும். வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். முன்னேறியவர்களைக் காட்டி ஒரு முறையை நியாயப்படுத்துவதில் ஒரு பிழையும் இருக்கிறது: அதே வகுப்பில் கணிதத்தை விட்டுப்போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. 2022ஆம் ஆண்டின் பீசா என்ற சர்வதேச மாணவர் ஆய்வில் ஜேர்மனியின் பதினைந்து வயது மாணவரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் கணிதத்தில் அடிப்படைத் தரத்தை எட்டவில்லை. இதற்கு ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியாது. ஆனாலும் எட்டாம் வகுப்பில் வரும் சமன்பாடுகள் எல்லாம் மறை எண்ணையும் பின்னத்தையும் நம்பியே நிற்கின்றன. அங்கே தடுமாறும் பிள்ளைக்குப் புதிய பாடம் ஒவ்வொன்றும் பழைய தடுமாற்றத்தோடுதான் தொடங்கும்.

டொச், அதாவது ஜேர்மன் மொழி, இன்னும் சரியாக வராத பிள்ளைக்கு விளக்கம் சுமையாகாதா என்ற கவலையும் இந்த ஊரில் நியாயமானது. பல மொழி பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். ஆனால் நான் சொன்ன விளக்கங்களுக்குச் சொற்கள் அதிகம் தேவையில்லை, கோல் கணக்குக்கும் வாய்பாட்டுக்கும் எந்த மொழியும் போதும். டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுசான்னே பிரெடிகரின் ஆய்வுக்குழு, துருக்கி மொழியும் டொச்சும் பேசும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னங்களை இரு மொழியிலும் கற்பித்து ஆராய்ந்திருக்கிறது. வீட்டு மொழியைச் சிந்திக்கும் கருவியாக எடுத்துக்கொண்ட முயற்சி அது. ஆகவே அரை, கால், முக்கால், அரைக்கால் என்று வீட்டில் தமிழில் பேசினால் பள்ளிக் கணிதம் குழம்பிவிடும் என்று அஞ்ச வேண்டாம்.

குழப்பம் வருவது எழுதும் முறையில், அதை மட்டும் பெற்றோர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே பெருக்கலுக்கு நடுவில் ஒரு புள்ளி, வகுத்தலுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள். நாம் தசமப் புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி வைக்கிறார்கள், புள்ளியை ஆயிரங்களைப் பிரிக்கப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, புள்ளி, ஐந்து பூச்சியம் பூச்சியம் என்று இருந்தால் நமக்கு ஒன்றரை, இங்கே ஆயிரத்து ஐந்நூறு. மறை எண்ணைப் பெருக்கும்போது அதை அடைப்புக்குறிக்குள் எழுதச் சொல்வார்கள், அதை வீண் அலங்காரம் என்று அழிக்கச் சொல்லாதீர்கள். கழித்தல் என்ற செயலையும் மறை என்ற தன்மையையும் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுவது அந்த அடைப்புக்குறிதான்.