ஸுமூத்: மண்ணை விட்டு அகலாத மக்கள்

(நவம்பர் 29, பலஸ்தீன மக்களுடனான சர்வதேச ஒருமைப்பாட்டு நாளை முன்னிட்டு நமது அறக்கட்டளை அரங்கில் செயலாளர் ஆற்றிய உரை)



 

பலஸ்தீனைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கேள்விகள் எழுகின்றன. "துஆ செய்கிறோம், கண்ணீர் விடுகிறோம். அதற்கு மேல் நம்மால் என்ன ஆகும்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். "நம் தெருவிலேயே ஆயிரம் பிரச்சினை கிடக்கும்போது, எங்கோ நடக்கும் சண்டை நமக்கெதற்கு?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். பதில் தேடுமுன், அந்த மக்கள் சுதந்திரம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வோம்.

1947 நவம்பர் 29 அன்றுதான் பலஸ்தீனை இரண்டாகப் பிரிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. ஆதரவு 33, எதிர்ப்பு 13. அடுத்து வந்த போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் ஆளில்லாமல் போயின. அதை அவர்கள் 'நக்பா', அதாவது பேரழிவு என்கிறார்கள். பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவியைப் பேரப்பிள்ளைகள் கையில் ஒப்படைத்த குடும்பங்கள் இன்றும் அகதி முகாம்களில் இருக்கின்றன.

ஊரை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது என்பதை அந்த அனுபவம் கற்றுக்கொடுத்தது. அதனால் அவர்களிடம் ஒரு சொல் வேரூன்றியது: 'ஸுமூத்'. நிலைகுலையாமல் நிற்பது என்று பொருள். ஒலிவ மரத்தைப் பராமரிப்பது, இடித்த வீட்டை மறுபடி கட்டுவது, பள்ளியை மூடினால் வீட்டுக் கூடத்தில் பாடம் நடத்துவது, எல்லாமே ஸுமூத்தான். நாம் ஸப்ர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று நினைத்துவிடுகிறோம். அவர்களின் பொறுமையோ நாள் முழுக்க உழைக்கும் பொறுமை.

இதற்கு ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன். பெத்லஹேமை ஒட்டி பெய்த் ஸாஹூர் என்று ஒரு சிற்றூர். அங்கே பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். 1987 டிசம்பரில் காஸாவில் முதல் இன்திஃபாதா எழுச்சி தொடங்கி எங்கும் பரவியபோது, இவ்வூர் மக்கள் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? வரி கொடுக்க மறுத்தார்கள். "எங்களுக்கு வாக்குரிமை கிடையாது, எங்கள் பணத்தில் எங்களையே ஆக்கிரமித்து ஆள்வீர்களா?" என்பது அவர்கள் கேள்வி.

கூடவே, இஸ்ரேலியப் பொருள்களை நம்பியிருக்கக் கூடாது என்று வீட்டுக் கொல்லைகளில் காய்கறி போட்டார்கள். பெத்லஹேம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜாத் இஸ்ஹாக் விதையும் நாற்றும் கிடைக்க ஏற்பாடு செய்தார். அதற்காக அவர் சிறை சென்றார். பாலுக்காக 18 மாடுகள் வாங்கினார்கள். மாடு வளர்த்துப் பழக்கமே இல்லாத ஊர். வாத்தியார்களும் கடைக்காரர்களும் பால் கறக்கக் கற்றுக்கொண்டார்கள். இராணுவம் வந்து, "இந்த மாடுகள் இஸ்ரேலின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல்" என்றது! மாடுகளை ஒளித்து வைத்தார்கள். சிப்பாய்கள் தேடி அலைந்தார்கள். சிரிப்பு வருகிறது அல்லவா? அவர்களும் சிரித்தார்கள். இதை வைத்து 2014-இல் 'தி வான்டட் 18' என்று ஒரு படமே வந்தது.

ஆனால் 1989-இல் நடந்தது சிரிக்கிற விஷயமல்ல. செப்டம்பர் இறுதியிலிருந்து ஏறத்தாழ ஆறு வாரம் ஊரை முற்றுகையிட்டார்கள். தொலைபேசியைத் துண்டித்தார்கள். வீடு வீடாகப் புகுந்து ஃபிரிட்ஜ், டிவி, பட்டறை இயந்திரங்கள், கடைச் சரக்கு என்று வரிக்கு ஈடாக அள்ளிக்கொண்டு போனார்கள். இதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு சபையில் வந்த தீர்மானத்தை அமெரிக்கா ஒரே கையால் தடுத்தது. ஊர் மக்கள் பணியவில்லை.

அவர்கள் வென்றார்களா? நேர்மையாகச் சொன்னால், விடுதலை கிடைக்கவில்லை. 1993-இல் ஒஸ்லோ ஒப்பந்தம் வந்தது. அதன் பிறகும் குடியேற்றங்கள் பெருகிக்கொண்டே போயின. ஆனாலும் ஒன்று நடந்தது. 'இவர்கள் இல்லாமல் நம்மால் வாழ முடியாது' என்ற பயம் அந்த ஊரில் உடைந்தது. சுதந்திரம் என்பது கொடி ஏற்றும் நாளில் தொடங்குவது அல்ல என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த ஊர்தான்.

இன்னோர் ஊர் பில்இன். ரமல்லாவுக்கு மேற்கே இருக்கும் கிராமம். பிரிப்புச் சுவர் எழுப்பப்பட்டு, மக்களின் வயல்களில் பெரும்பகுதி மறுபக்கம் போய்விட்டது. 2005 முதல் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுதுவிட்டு ஊர்வலமாகச் சுவரை நோக்கி நடந்தார்கள். கூடவே இஸ்ரேலிய யூதர்களும் வெளிநாட்டவரும் நடந்தார்கள். கண்ணீர்ப்புகையும் கைதும் வாரந்தோறும் உண்டு. 2009-இல் பாஸிம் அபூரஹ்மா என்ற இளைஞர் கண்ணீர்ப்புகைக் குண்டு மார்பில் பட்டு ஷஹீதானார். சுவரின் பாதையை மாற்றும்படி 2007-இலேயே இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதைச் செயல்படுத்த 2011 ஆயிற்று. நிலத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது, முழுவதும் அல்ல. சில நூறு ஏக்கருக்கு ஆறு ஆண்டு நடை!

இப்போது நமது கேள்விகளுக்கு வருகிறேன்.

'நமக்கெதற்கு' என்பவர்களுக்குச் சொல்வது இது. 1947-இல் பிரிவினைத் தீர்மானத்தை எதிர்த்த 13 நாடுகளில் நம் இந்தியாவும் ஒன்று. அதற்கு முன்பே 1938-இல், யூதர்கள் ஜெர்மனியில் படும் கொடுமைக்காக மனம் வருந்திய காந்தியடிகள், அதே கட்டுரையில் பலஸ்தீன் அரபு மக்களுக்கு உரியது என்றும் எழுதினார். பலஸ்தீன் நாட்டை 1988-இலேயே இந்தியா அங்கீகரித்தது. இது முஸ்லிம்களின் தனிக் கவலையாக இந்நாட்டில் ஒருபோதும் இருந்ததில்லை. பெய்த் ஸாஹூர் கிறிஸ்தவர்களும் பில்இன் நோக்கி நடந்த யூதர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

'என்ன ஆகும்' என்னும் இளைஞர்களுக்கு: தென்னாப்பிரிக்காவின் இனவெறி ஆட்சியோடு இந்தியா 1946-இல் வணிகத்தை நிறுத்தியது. 1984-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் மேரி மானிங் என்ற கடைப் பணிப்பெண், தென்னாப்பிரிக்கப் பழத்துக்குப் பில் போட மறுத்ததால் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். சகபணியாளர்களோடு இரண்டரை ஆண்டுக்கு மேல் தெருவில் நின்றார். 1987-இல் அந்த அரசே தென்னாப்பிரிக்க விளைபொருள்களைத் தடை செய்தது. எல்லா நிறத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் அங்கே 1994-இல்தான் நடந்தது. 1946-இலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள், 48 ஆண்டுகள்! ஒருமைப்பாடு என்பதும் ஸுமூத்தான். ஒரு வாரம் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு மறந்துபோவதற்குப் பெயர் ஒருமைப்பாடு அல்ல.

ஆகவே நம் குடும்பங்கள் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அறிந்து பேசுவோம். வேறு நாட்டில், வேறு வருடத்தில் எடுத்த வீடியோவை 'காஸா' என்று பரப்பினால், உண்மையான காஸா படத்தையும் நாளை யாரும் நம்பமாட்டார்கள். சரிபார்க்காத செய்தியைப் பரப்ப நம் மார்க்கத்தில் இடமில்லை.

இரண்டாவது, நியாயத்தை ஒரே தராசில் நிறுப்போம். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் சாதாரண மக்கள். அதன்பின் காஸாவில் பல பத்தாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் ஏராளம். போரிலும் பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் தொடக்கூடாது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குத் தந்த சட்டம். யாருக்கும் அதில் விலக்கில்லை. ஆக்கிரமிப்பை எதிர்ப்போம், யூதர் என்பதற்காக ஒருவரை வெறுக்க மாட்டோம்.

மூன்றாவது, பணம். வருமானவரி விலக்கு பெற்ற அறக்கட்டளையின் நிதியை இந்தியாவுக்குள் செலவிட வேண்டும் என்பது விதி. ஆகவே நம் அறக்கட்டளை இதற்கென வசூல் செய்யவில்லை. ரசீது இல்லாத உண்டியலோடு யார் வந்தாலும் விசாரியுங்கள். அந்தப் பிள்ளைகளின் பெயரால் ஏமாற்றுவதைவிடக் கேவலம் வேறில்லை.

நான்காவது, பிள்ளைகளோடு பேசுங்கள். படத்தைப் பார்த்துப் பயந்து தூக்கமில்லாமல் இருக்கும் குழந்தைக்கு இரத்தத்தை மட்டும் காட்டாதீர்கள். 18 மாடுகளின் கதையைச் சொல்லுங்கள். பள்ளியை மூடியபோதும் வீட்டுக்கூடத்தில் படித்த பிள்ளைகளைச் சொல்லுங்கள். பிர்ஸெய்த் பல்கலைக்கழகம் 1988 முதல் நான்காண்டு பூட்டப்பட்டுக் கிடந்தபோதும், ஆசிரியர்கள் வெளியே வகுப்பு நடத்தினார்கள். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது. அதன் அருமையும் அப்போது விளங்கும்.

யா அல்லாஹ், பலஸ்தீன மக்களுக்கு அமைதியையும் நீதியையும் தருவாயாக. காணாமற்போனோரை அவர்களின் குடும்பத்தாரிடம் சேர்ப்பாயாக. அநீதி எவர் மீது நடந்தாலும் சலிக்காமல் பேசும் நாவையும், பொய் கலக்காத மனத்தையும் எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.